மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு சாவி

எங்கள் ஆஸ்பத்திரியில் மார்ஃபின் வைக்கும் இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மருந்தாளுநரான என்னிடம், இன்னொன்று மேட்ரனிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். தாங்க முடியாத வலிக்குக் கொடுக்கிற மருந்து அது. தவறான கைக்குப் போனால் ஆளையே கெடுத்துவிடும் என்பதால் சட்டம் அதை ஒரு நிமிஷமும் தனியாக விடுவதில்லை. ஒரே ஒரு மாத்திரை வெளியே போனாலும், மீதி எத்தனை என்று ஒருவர் எண்ணி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன், அரை மாத்திரை குறைந்ததில்லை.

ஒரே ஒரு சிக்கல்தான். மேட்ரன் என் சம்பந்தி. என் மகளை அவள் மகனுக்குக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் அது சிக்கலாக இல்லை, சௌகரியமாகத்தான் இருந்தது. அலமாரியைத் திறந்து மூடுவதற்குள் இரண்டு அம்மாக்களுக்கும் மகள் பேச்சு, மகன் பேச்சு, யார் வீட்டில் என்ன சமையல் என்று பாதிக் குடும்பக் காரியம் முடிந்துவிடும். அப்புறம் ஏழு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குச் சளி பிடித்தது.

என் வீட்டுக்கு வந்தவர் தும்மிக்கொண்டே இருந்தார். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாதாரணச் சளி மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "தூக்கம் வரும் மாப்பிள்ள, ராத்திரி போட்டுக்கோங்க" என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன். மாப்பிள்ளை அதைக் காலையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். புது மேலதிகாரி நடத்திய முதல் கூட்டம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரே, நல்ல பையன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது நெற்றி போய் மேசையில் இடித்தது. அதற்குப் பிறகு வந்த குறட்டையை அந்த ஆபீஸில் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம்.

மறுநாள் மேட்ரன், ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு நர்ஸ்கள் முன்னால் என்னை நிறுத்திக் கேட்டாள்: "என் பையனுக்கு என்னத்தைக் குடுத்தீங்க? அலமாரியில இருந்து எடுத்துக் குடுத்தீங்களா?"

என்னைப் பார்த்து. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சாவியை இடுப்பில் செருகி, அதோடு தூங்கி, அதோடு எழுந்த என்னைப் பார்த்து.

பதிவேட்டில் கடைசியாகக் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. மாத்திரை உடைந்தால், கீழே விழுந்தால், நோயாளி வேண்டாம் என்று திருப்பினால் எழுத வேண்டிய இடம். அன்று மதியம் கையெழுத்துப் போட வந்த மேட்ரன் அந்தக் கட்டத்தில் எழுதினாள்: ‘இன்று முதல் எனக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை.’ கீழே கையெழுத்து, தேதி, நேரம். நான் மட்டும் இளைத்தவளா? ‘முழு மனதுடன் ஆமோதிக்கிறேன்’ என்று அடியிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, இருந்த கோபத்தில் ஆஸ்பத்திரி ரப்பர் முத்திரையையும் எடுத்து ஓங்கிக் குத்தினேன். பக்கம் நூற்றுப் பதினான்கு.

அந்தப் பதிவேட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தீர்ந்த பிறகும் ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கோபத்தில் எழுதுவதற்கு அதைவிட மோசமான நோட்டு உலகத்தில் கிடையாது. மறுநாளே எனக்கு உறைத்தது. ஆனால் மறுநாள் அவள் இன்னொன்று எழுதி வைத்துவிட்டாள். பதில் எழுதாமல் எப்படி இருப்பது?

அதோடு பேச்சு நின்றது. எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை, சட்டம் விடாதே. அவள் அலமாரிக் கதவைப் பார்த்து, "நூத்தி முப்பத்தெட்டு" என்பாள். நான் மின்விசிறியைப் பார்த்து, "நூத்தி முப்பத்தெட்டு" என்பேன். ஏழு மாதமாக இரண்டு குடும்பத்துக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஒன்று சொல்ல வேண்டும், எண்ணிக்கை அதற்கு முன் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை. என்னைச் சந்தேகப்பட்டு அவள் இரண்டு தடவை எண்ணினாள். சந்தேகப்படுகிறாளே என்று நான் மூன்று தடவை எண்ணினேன்.

மாடியில் ஏழாம் படுக்கையில் தபால்காரர் இருந்தார். முப்பத்தோரு வருஷம் இந்த ஊருக்குக் கடிதம் கொடுத்தவர். புற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, தவறக் கூடாது. ராத்திரிக்கு உரியதை மாலையிலேயே எண்ணி நைட் நர்ஸிடம் கொடுத்துவிடுவோம். வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ்கள் கேட்டால் அவர், "என்னம்மா, பரீட்சை மார்க்கா?" என்று சிரிப்பார். ஆனால் வலி ஏற ஏற, தன்னை அறியாமல் பழைய தபால் சுற்றை வாய்விட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். தபால் ஆபீஸ் வாசலில் கிளம்பி, வீடு வீடாகப் போவார்.

"மூணாம் நம்பர், மாடி. மணி அடிக்காது, கதவைத் தட்டணும். நாலாம் நம்பர், நாய் இருக்கு."

சந்தைத் தெருவுக்கு வந்துவிட்டால் வலி பத்துக்கு நாலு. பள்ளிக்கூடச் சந்து வந்தால் ஆறு. பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டால் எட்டுக்கு மேல். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து அட்டையில் எழுதி மாட்டியவள் மேட்ரன்தான். கெட்டிக்காரி, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. இங்கே வந்த முதல் நாள் அவர் பாலம் தாண்டினார். அதற்குப் பிறகு தாண்ட விட்டதில்லை நாங்கள்.

நான் சொல்ல வந்த நாளில், கடல் தாண்டி வேலை பார்க்கும் அவர் மகள் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. காலை பத்து மணி மாத்திரையோடு நாங்கள் இருவரும் மாடிக்குப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மணி மாத்திர மட்டும் நேரத்துக்கு வந்துடணும்மா. நோய் என்னன்னு அவளுக்குத் தெரியும். வலியே இல்லன்னு ஃபோன்ல சொல்லி வச்சிருக்கேன். அவ வந்து உக்கார்ற நேரம் நான் பாலத்தைத் தாண்டிட்டேன்னா அந்தப் பொண்ணு தாங்காது."

"உங்க தபால் கூட லேட்டாகலாம். என் மாத்திர லேட்டாகாது" என்றேன்.

"என் தபால் ஒரு நாளும் லேட்டானதில்ல" என்றார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

மாடியிலிருந்து இறங்கினால், என் அறை வாசலில் ஆய்வாளர் நிற்கிறார்.

மார்ஃபின் வைத்துக்கொள்ள வாங்கிய உரிமம் அந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிக்க ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். வருவார் என்று தெரியும், என்றைக்கு என்று சொல்ல மாட்டார்கள். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. வந்த உடனே அலமாரிக் கதவில் காகிதத்தை ஒட்டி முத்திரை வைத்தார். ஆய்வு முடியும்வரை ஒரு மாத்திரை வெளியே போகக் கூடாது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று தவணையில் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இடுப்பு வலியா சார்? மாத்திர ஏதாவது தரட்டுமா?"

"டாக்டர் சீட்டு இல்லாம குடுப்பீங்களா?" என்று கேட்டு ஒரு பேனாவைத் திறந்தார்.

அவரிடம் நாற்பத்தோரு கேள்வி இருந்தது. அலமாரி சுவரில் பதித்ததா, சும்மா நிற்கிறதா. டாக்டர் சீட்டில் மாத்திரைகளின் எண்ணிக்கை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா. ஒரு சீட்டில் டாக்டர் ‘பத்து’ என்று எழுதியதில் புள்ளி விட்டுப் போயிருந்தது. அதற்குப் பத்து நிமிஷம். பிறகு முத்திரையைப் பிரித்து, மாத்திரையை எண்ணி, மறுபடி முத்திரை வைத்தார். சரியாக இருந்தது. நம்பாமல் பிரித்து மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவையும் சரியாகவே இருக்க, அவர் முகம் கொஞ்சம் வாடிப் போனது.

எனக்கு எண்ணிக்கையில் பயமில்லை. குறிப்புக் கட்டத்தில்தான் உயிர் இருந்தது. அவர் பதிவேட்டைத் திறந்தபோது அந்த ஓரத்தில் தேநீர்க் கோப்பையை வைத்தேன். நகர்த்தி வைத்தார். பக்கத்தைப் பிடித்துக் கொடுப்பதுபோல் உள்ளங்கையை வைத்தேன். "கைய எடுங்க" என்றார். எதிரே நின்ற மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

"‘எண்ணிக்கை சரி. எண்ணியவர் முகம் சரியில்லை.’" அடுத்த பக்கம். "‘சளி மாத்திரைக்கும் தூக்க மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் பெற்றுக்கொண்டேன்.’ அதுக்குக் கீழ வேற கையெழுத்து. ‘வண்டி ஓட்டக் கூடாது என்று மாத்திரை அட்டையில் இருந்தது. கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று இல்லை.’" நிமிர்ந்து பார்த்தார். "இது என்ன மருந்து சம்பந்தமா?"

"மருந்து சம்பந்தமாத்தான் சார்" என்றேன். பொய் இல்லையே.

"‘மாத்திரை ஒன்று ஓரம் உடைந்திருந்தது. உடைத்தவர் நான் அல்ல. சாட்சி: கடவுள்.’" பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார். "சாட்சின்னா பேர், பதவி, கையெழுத்து மூணும் வேணும். இங்க பதவி, கையெழுத்து ரெண்டும் இல்ல."

இந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைவர், தங்கமான மனுஷர். வாய் மட்டும் நிற்காது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையோ காப்பாற்றப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தார்.

"எண்ணிக்கை எல்லாம் சரியா இருக்குமே சார்? இருக்காம எப்படி? இவங்க ரெண்டு பேரும் சம்பந்திங்க. ஒரே குடும்பம் மாதிரி வேல பாக்குறாங்க."

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சம்பந்தியா?" என்றார். பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து மேசையில் விரித்தார். சாவி வைத்திருக்கும் இருவரும் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக் கூடாது. இருந்தால் இருவரும் கூட்டுச் சேர்ந்து மருந்தைக் கடத்த வாய்ப்புண்டு. நாலு மாதத்துக்கு முன் எங்களுக்கும் வந்த சுற்றறிக்கைதான். அவர் கொண்டுவந்த நகலில் ‘பார்த்தேன்’ என்று என் கையெழுத்தும் ‘பார்த்தேன்’ என்று மேட்ரன் கையெழுத்தும் இருந்தன. பார்த்தது உண்மை. படிக்கத்தான் இல்லை.

"உறவுன்னா உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. புது ஆளை நியமிச்சு, பயிற்சி குடுத்து, அனுமதி வாங்கணும். ஆறு வாரம் ஆகும்."

"மாடியில ஒரு நோயாளி இருக்காரு சார்" என்றாள் மேட்ரன். "ரெண்டு மணிக்கு அவருக்கு மாத்திர."

"பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"மூணு மணி நேரம் ஆம்புலன்ஸ்ல. எலும்புல புத்து. ஒவ்வொரு பள்ளத்துலயும் அவர் செத்துச் செத்துப் பொழைக்கணும்."

ஆய்வாளர் கல்நெஞ்சர் இல்லை. அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "விதியை நான் எழுதல. சம்பந்தின்னா உறவுதானான்னு பின்னிணைப்புல பாக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

மணி ஒன்று ஐம்பது. பெரிய டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். நானும் மேட்ரனும் மாடிப்படி அடியில் நின்றோம். மேலேயிருந்து தபால்காரர் குரல் இறங்கி வந்தது.

"பதினொண்ணாம் நம்பர், தையல் கடை. பதிவுத் தபால்னா கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு. பன்னெண்டு, பூட்டியிருக்கு..."

சந்தைத் தெரு முடியப் போகிறது. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டோம். அப்புறம் குரல் வேகம் பிடித்தது. பள்ளிக்கூடச் சந்து. மணி இரண்டு ஐந்து. சாவி என் இடுப்பில் இருக்கிறது, சாவி அவள் இடுப்பில் இருக்கிறது, மாத்திரை பத்தடி தூரத்தில் இருக்கிறது, அந்த மனுஷர் மேலே வீடு வீடாக அலைகிறார்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் மேட்ரன், சுவரைப் பார்த்தபடியே. "அலமாரியில இருந்து எடுத்தீங்களான்னு. அந்த வார்த்த வாய்ல இருந்து வந்ததும் எனக்கே தெரிஞ்சுபோச்சு, தப்புன்னு. எப்படித் திருப்பி எடுக்கறதுன்னுதான் தெரியல."

நான் அழுதேன். ஆமாம், அழுதேன், அதில் என்ன வெட்கம். ஏழு மாதம் அடக்கி வைத்தது.

"கட்டத்துலயாவது எழுதியிருக்கலாமே" என்றேன்.

"எழுதத்தான் நெனச்சேன். நீங்க மொகம் சரியில்லன்னு எழுதிட்டீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்க சம்பந்தி."

சம்பந்தி. ஏழு மாதம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஆய்வாளர் கூப்பிட்டார்.

அவர் முன் பின்னிணைப்பு விரிந்து கிடந்தது. "கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், கொழுந்தன், நாத்தனார்" என்று விரல் வைத்து வாசித்தார். "சம்பந்தி இல்ல."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா கடைசியில, ‘மற்றும் திருமணத்தால் உண்டான பிற உறவுகள்’னு இருக்கு. அந்தப் பிறவுல நீங்க வந்துடுறீங்க. நான் என்ன செய்யட்டும்? உறவு இல்லன்னு எழுத்துல ஏதாவது இருந்தாலாவது பரவாயில்ல."

மேலேயிருந்து குரல் கேட்டது. பள்ளிக்கூடச் சந்தின் கடைசி வீடு. அடுத்தது பாலம்.

"இருக்கு சார்" என்றாள் மேட்ரன். "பக்கம் நூத்திப் பதினாலு."

காலையிலிருந்து எந்தப் பக்கத்தை மறைக்கப் பாடுபட்டோமோ அந்தப் பக்கம். ஆய்வாளர் புரட்டினார். வாசித்தார். என் ஆமோதிப்பையும் வாசித்தார். முத்திரை பேப்பரை எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறது என்று பின்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தார். அன்று முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"தேதி இருக்கு, நேரம் இருக்கு, ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு, முத்திரையும் இருக்கு. சுற்றறிக்கை வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே இருக்கு. இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு முறையா ஒரு காரியத்த நான் பாத்ததில்ல." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இந்த நெலம இப்பவும் நீடிக்குதா?"

எங்கள் இருவர் கண்களும் சிவந்திருந்தன. நல்லவேளை, அழுத கண்ணுக்கும் ஆத்திரப்பட்ட கண்ணுக்கும் வெளியாருக்கு வித்தியாசம் தெரியாது.

"நீடிக்குது சார்" என்றாள் மேட்ரன். "இவங்க வீட்டுப் பக்கம் நான் தலவச்சுக்கூடப் படுக்கறதில்ல."

"வந்தா மட்டும் நான் கதவத் தெறப்பேனா?" என்றேன். "ஞாயித்துக்கிழமையானா என் பொண்ண எங்க வீட்டுக்கு விடாம துணி மடிக்க வச்சவங்க சார் இவங்க."

மேட்ரன் சட்டென்று திரும்பினாள். "நானா மடிக்க வச்சேன்? ஒரு சட்டைய ஒழுங்கா மடிக்கத் தெரியாம வளத்து அனுப்பிட்டீங்க, பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தேன்."

"உங்க பையனுக்குச் சாப்ட்ட தட்ட எடுத்துக் கழுவுற எடத்துல போடத் தெரியுமா? மொதல்ல அதச் சொல்லிக்குடுத்திருக்கலாம்."

"என் பையன் தட்டப் பத்திப் பேச..."

"போதும்" என்றார் ஆய்வாளர். "நீடிக்குது." எழுதிக்கொண்டார்.

அது முழுக்க நடிப்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தத் தட்டு விஷயம் இரண்டு வருஷமாக என் மனசில் இருந்தது.

உறவு பற்றிய பதினேழாம் கேள்விக்கு எதிரே, ‘உறவு இல்லை. பார்க்க: பக்கம் 114’ என்று விழுந்தது. அதற்குக் கீழே ஒரு நிபந்தனை. உறவு இல்லை என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறிப்புக் கட்டத்தில் இருவரும் எழுதி உறுதி செய்ய வேண்டும். அவர் அலமாரியில் ஒட்டிய முத்திரையைக் கிழித்தார். நான் ஒரு பூட்டைத் திறந்தேன், மேட்ரன் இன்னொன்றைத் திறந்தாள். ஒரு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு மீதியை எண்ணினாள். அலமாரிக் கதவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நூத்திப் பதினேழு."

"நூத்திப் பதினேழு" என்றேன், அவளைப் பார்த்து. சிரிக்கக் கூடாது என்பதற்காக உள் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். மணி இரண்டு முப்பத்தைந்து.

ஆய்வாளர் பையை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போகாதீங்க." இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை, அந்த மனுஷருக்கு எவ்வளவு தெரிந்தது என்று.

நாங்கள் மாடிப்படியில் ஓடினோம். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு பேர், முழங்கால் வலியோடு, ஒரு மாத்திரைக்காக.

தபால்காரர் பாலத்தின் நடுவில் இருந்தார். சட்டை நனைந்திருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "காத்து ஜாஸ்தி, தொப்பியப் பிடிச்சுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேட்ரன் அவர் தலையைத் தூக்கினாள். நான் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"லேட்டு" என்றார் என்னைப் பார்த்து. "முப்பத்தெட்டு நிமிஷம்."

"மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றேன்.

போகவில்லை நாங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிஷம் அவர் பாலத்திலேயே நின்றார். பிறகு அக்கரைக்குப் போகாமல் திரும்பினார். பள்ளிக்கூடச் சந்து. தையல் கடை. ஒவ்வொரு வீடாகக் குரல் தணிந்தது. நாய் இருக்கிற வீட்டுக்கு வந்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. மூன்றரைக்குப் பேச்சு நின்றது. மேட்ரன் அவருக்கு முகம் துடைத்துச் சட்டை மாற்றினாள். நான் சீப்பை எடுத்து வாரிவிட்டேன்.

"வகிடு இந்தப் பக்கம் இல்ல சம்பந்தி, அந்தப் பக்கம்" என்றாள்.

"சத்தமா சொல்லாதீங்க" என்றேன். "லைசென்ஸ் போயிடும்."

விஷயத்தைக் கேட்டதும் தபால்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு சண்டைக் குறிப்பு தானே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் தபால் அட்டையைப் படித்தவர், சண்டைக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை என்றார்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். வாசலிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு நின்றாள். அப்பா தலையணையில் சாய்ந்து, தலை வாரி, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஓடி வந்து அவர் மடியில் முகத்தை வைத்தாள். மேட்ரன் எங்கேயோ பார்த்தாள். நானும் எங்கேயோ பார்த்தேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அந்தப் பெண் எங்களைப் பார்த்து, "இவங்க ரெண்டு பேரும் யாருப்பா?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கு ஒருத்தர் எந்த உறவும் இல்லாதவங்கம்மா. எழுதியே குடுத்திருக்காங்க" என்றார். "எனக்குத்தான் ரெண்டு பேரும் உறவு."

அவளுக்குப் புரியவில்லை. அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே, "வலிக்குதாப்பா? நெசத்தச் சொல்லு" என்றாள்.

மேட்ரன் இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். அட்டையில் வலியை எழுதுகிற நேரம்தான் அது. "எங்க இருக்கீங்கண்ணே?" என்று கேட்டாள்.

தபால்காரர் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "ஆபீஸ் வாசல்லயேதான் நிக்கிறேன்" என்றார். "பைய இன்னும் தோள்லகூட மாட்டல."

மேட்ரன் அட்டையில் எழுதினாள். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பூஜ்யம்" என்றாள்.

"பூஜ்யம்" என்று நானும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன்.